அயோத்தியாப்பட்டணத்து உலை

முறிந்த பட்டையை அவர் மேசைமேல் வீசவில்லை, மெதுவாக வைத்தார். வீசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை. அவர் மெதுவாக வைத்ததால் எனக்கு வாயே திறக்கவில்லை.

நாமக்கல்லில் நானும் என் வீட்டுக்காரரும் லாரி ஸ்பிரிங் பட்டறை நடத்துகிறோம். லாரியின் பாரத்தையெல்லாம் தாங்குவது, அச்சுக்கு மேலே அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள்தான். அவற்றை அளவு பார்த்து வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கட்டிக் கொடுக்கிறோம். அன்றைக்கு வந்தவர் ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர், அதைத் தானே ஓட்டுபவர். பட்டறை திறந்த முதல் வாரமே எங்களிடம் வந்தவர். ஆத்தூரில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், ஒரு திருப்பத்தில் முன்பக்கத்து இடது அடுக்கின் உச்சியில் இருக்கும் மெயின் பட்டை முறிந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஒரு புளியமரத்துக்கு முழ தூரத்தில் நின்றிருக்கிறது. அவர் தோளில் கட்டுப் போட்டிருந்தார்.

"உங்களக் குத்தம் சொல்ல வரலீங்க அம்மிணி. என்ற உசுரு இன்னும் கொஞ்ச நாளைக்கு எனக்கு வேணுமுங்க. இனி பட்டைய வேற எடத்துல பாத்துக்கறேன்," என்றார்.

காபி வரவழைத்தோம். குடிக்காமலே போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை ரொம்ப நேரம் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது, அது சீக்கிரமே கோபமாகிவிடும். கோபத்துக்கு ஓர் ஆளும் தயாராக இருந்தார்.

பட்டையை நெருப்பில் பழுக்க வைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்தினால்தான் அதற்கு உரம் ஏறும். அந்த ஹார்டனிங் வேலை மட்டும் எங்களிடம் இல்லை. வெளியே ஒரு பட்டறைக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். நான் உலோகவியலில் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் நாலு வருடம், இரும்பை உடைத்து உடைந்த முகத்தைப் பார்ப்பதையே வேலையாகச் செய்தவள். முறிந்த பட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முகம் சர்க்கரையைக் கொட்டினாற்போல் பொரபொரவென்று இருந்தது. சூடு அதிகமாகிப் போன இரும்புதான் அப்படி இருக்கும். மேல் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கொஞ்சம் கறுப்பு இருந்தது. துரு என்று விட்டுவிட்டேன். குற்றவாளி கிடைத்த பிறகு யார் மேற்கொண்டு தேடுவார்கள்?

"நாமளே பர்னஸ் போடலாமுங்க," என்றேன்.

"எதுக்கு புள்ள? வேற ஆளுகிட்ட ஹார்டனிங் குடுத்தாப் போவுது," என்றார் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து ஒரு நாளில் பத்து வார்த்தை வந்தால் அதிகம். அன்றைய பங்கில் முக்கால்வாசியை இதற்கே செலவழித்துவிட்டார்.

"வேற ஆளு கையில குடுத்துத்தான் இப்ப பேரு கெட்டுக் கெடக்குது. இந்த மனுசன் வண்டியில நம்ம பட்டை மறுபடி ஏறோணும். ஏறற வரைக்கும் நான் விடறதா இல்ல."

புது உலை வாங்கும் தெம்பு எங்களுக்கு இல்லை. விசாரித்ததில், அயோத்தியாப்பட்டணத்தில் டிராக்டர் கலப்பைக்குக் கொழு செய்யும் ஒருவர் மின்சார உலைக்கு மாறிவிட்டார் என்றும், அவருடைய பழைய கேஸ் உலை ஷெட்டில் சும்மா கிடக்கிறது என்றும் தெரிந்தது. இருவரும் போனோம்.

உலை பளபளவென்று இருந்தது. நாலு பக்கமும் புது வெள்ளிப் பெயிண்ட். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ புதுப் பெயிண்டைக் கண்டாலே சந்தேகம்தான். உலையின் உட்சுவரில் சூடு தாங்கும் கல் தேய்ந்திருந்தால், அந்த இடத்தில் வெளித்தகடு அதிகமாகச் சுடும், பெயிண்ட் கறுத்து உரியும். எங்கே சீக்கு என்று பழைய பெயிண்டே சொல்லிவிடும். மேலே புதிதாக ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் சாட்சியின் வாயை அடைத்தாயிற்று.

ஆனால் பெயிண்ட் அடித்தவருக்குச் சாமி பயம் இருந்திருக்கிறது. போன ஆயுத பூசைக்கு உலையைச் சுற்றி வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் பிரஷ்ஷை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு பொட்டையும் சுற்றி வட்டமாக விட்டுவிட்டு அடித்திருந்தார். நான் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே உலையைச் சுற்றி வந்தேன். முன்பக்கம் மஞ்சள். வலது பக்கம் மஞ்சள். பின்பக்கத்து இடது மூலையில் மூன்று பொட்டுகள் மட்டும் காபித்தூள் நிறத்தில் கருகிப்போய் இருந்தன.

"இந்த மூலையில உள்ள கல்லு போயிருக்குது," என்றேன்.

விற்பவருக்கு என் வயதுதான் இருக்கும். "கதவையே இன்னும் தொறக்கல. எப்படிக்கா சொல்றீங்க?" என்றார்.

"சாமி சொல்லுச்சு."

கதவைத் திறந்து டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன். ஸ்பேனரால் ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன். நல்ல கல் கணீரென்று பேசும். அந்த மூலைக் கற்கள் சப்பென்று முனகின. இரண்டு கல் கையோடு வந்தன. பிறகு பர்னர்களைக் கழற்றச் சொன்னேன். நாலு பர்னரில் மூன்றின் துளை ஒரே அளவு. நாலாவதை, அதே மூலையில் இருந்ததை, யாரோ டிரில் போட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள். மூலையில் சூடு நிற்கவில்லை என்றதும் கல்லை மாற்றாமல் தீயைக் கூட்டியிருக்கிறார்கள். அதனால் மிச்சமிருந்த கல்லும் போயிருக்கிறது. கடைசியாகக் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தேன். தீ அணைந்தால் கேஸை உடனே நிறுத்த வேண்டிய சென்சாரை விலக்கிவிட்டு, ஒரு சாண் ஒயரை நேராகக் கொடுத்திருந்தார்கள்.

"அது அடிக்கடி நின்னு நின்னு போச்சுக்கா. அதான் எலெக்ட்ரீசியன் நேராக் குடுத்துட்டாரு. அது இல்லாமயே நல்லாத்தான் ஓடுச்சு," என்றார் விற்பவர்.

"ஓடும். ஒரு நாளைக்குக் கூரையோட சேந்து பறக்கும்."

தலையைச் சொறிந்தார். "சரி, பெயிண்டு எதுக்கு அடிச்சீங்க?" என்று கேட்டேன். "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பவுடர் போடறதில்லையாக்கா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு அந்த உலைதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். கல், பர்னர், சென்சார் எல்லாமே மாற்றக்கூடியவை. உலையின் வெளிக்கூடு முறுக்கிக்கொண்டிருந்தால், கதவு சாய்ந்திருந்தால், அதைத் திருத்த முடியாது. நூல் பிடித்துப் பார்த்தேன். கூடு நேராக நின்றது. காற்றடிக்கும் புளோயரைக் கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுழன்றது. அதாவது எலும்பு நன்றாக இருந்தது.

நாமக்கல் வந்து சேர்ந்ததும் உட்சுவர் முழுவதையும் இடித்தோம். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நானும் சட்டி சட்டியாகக் கல்பொடியை வாரினேன். கேஸ் குழாய் வேலைக்கு அனுமதி பெற்ற ஆள் வந்தார். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வராத வரைக்கும் அவரை நான் விடவில்லை. பர்னர்களுக்கு ஒரே அளவுத் துளையுள்ள புது முனைகள், புது சென்சார். பெட்டியிலிருந்த அந்த ஒரு சாண் ஒயரை நானே பிடுங்கி எறிந்தேன். மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

கல் கட்ட வந்தவர் ஜவ்வரிசி மில் அடுப்புகள் கட்டிப் பெயர் வாங்கிய கொத்தனார். வேலை சுத்தமான வேலை. ஆனால் கல்லுக்குக் கல் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நெருக்கி வைத்துக்கொண்டே போனார். ஜவ்வரிசி வறுக்கிற சூட்டுக்கு அது சரி. எங்கள் உலைக்கு எண்ணூற்று ஐம்பது டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் கல் பெருக்கும். பெருக்க இடமில்லாவிட்டால் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு விழும். பின்சுவரைப் பிரித்துக் கட்டச் சொன்னேன்.

"நெருக்கிக் கட்டுனாத்தானுங்க கட்டடம். நானும் எத்தன அடுப்புக் கட்டியிருக்கறனுங்க!" என்றார்.

"மில் அடுப்புன்னா நான் வாயே தொறக்க மாட்டேனுங்க. இது பட்டை வேகற அடுப்பு. பிரிச்சே ஆகோணும்."

கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றவே இல்லை எனக்கு. டீ குடித்துவிட்டு அவரே வந்தார். என்னைப் பார்க்காமல் பின்சுவரைப் பிரித்தார். பல இடங்களில் அட்டைத் துண்டு வைத்து இடைவெளி விட்டுக் கட்டினார். தீ போட்டதும் அட்டை எரிந்து இடம் விடும் என்று அவராகவே கண்டுபிடித்த வழி அது. எனக்குக்கூட அது தோன்றியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்து ஒரு புதன்கிழமை காலையில் நல்ல நேரம் குறித்தார். கதவுக்கு மேலே வளைவில் ஊற்றியிருந்த கலவை அதற்குள் காயாது. ஈரத்தோடு தீயைக் கூட்டினால் நீராவி முட்டி, வளைவு பெயர்ந்துவிடும். அவருக்கு நல்ல நேரம் முக்கியம், எனக்கு வளைவு முக்கியம். குறித்த நேரத்தில் ஒரே ஒரு பர்னரைச் சிறு சுடராகப் பற்ற வைத்தோம். கற்பூரம் காட்டினார். அதன்பிறகு உலைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். பூசைக்கு வந்த அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள், "பட்டை போடலீங்களா? வெறும் அடுப்பா எரியுது?" என்று கேலி பேசினார்கள். "சோறு ஆக்கறதுக்கு முன்னால சட்டி காயோணுமுங்க," என்றேன். இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றினோம். கதவு விளிம்பில் தண்ணீர் முத்து முத்தாக வடிந்தது, பிறகு நின்றது. வளைவில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்து உலைக்குள் ஒன்பது இடங்களில் சூட்டை அளந்தோம். அந்தப் பழைய இடது மூலை நாற்பது டிகிரி பின்தங்கியது. பர்னரின் காற்றைத் திருத்தினோம், புகைபோக்கித் தகட்டைக் கொஞ்சம் சாத்தினோம், மறுபடி அளந்தோம். மூன்றாம் நாள் ஒன்பது இடமும் ஒரே சூடு. வீட்டுக்காரர் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

முதல் பட்டையைப் போட்டோம். நிறம் நன்றாகப் பழுத்தது. எண்ணெயில் முக்கினோம். பதப்படுத்தினோம். பிறகு அதைப் பிரஸ்ஸில் மாட்டி, லாரி ஓடினால் எப்படி வளையுமோ அப்படித் திரும்பத் திரும்ப அழுத்தி விட்டோம். வண்டியில் ஏற்றும் முன்னால் பட்டறையிலேயே அதை வாட்டி எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டப்பென்று முறிந்தது.

இரண்டாவதைப் போட்டோம். அதுவும் முறிந்தது.

முறிந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகம் மாவு போல் நயமாக இருந்தது. சூட்டில் குறையே இல்லை. ஆனால் இரண்டின் மேல் விளிம்பிலும் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு. அது துரு இல்லை. நேற்று எண்ணெயில் முக்கிய பட்டையில் துரு எங்கிருந்து வரும்? எண்ணெயில் முக்கியபோதே அங்கே வெடிப்பு விழுந்திருக்கிறது, பதப்படுத்தும் சூட்டில் அந்த வெடிப்பு கறுத்திருக்கிறது. கறுப்புக்கு நேர் மேலே, பட்டையின் மேல்முகத்தில் பிள்ளையார் சுழி இருந்தது.

அந்தச் சுழி என் கைவேலை. பட்டறை தொடங்கியதிலிருந்து, உலைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு மெயின் பட்டையிலும் கூர் தீட்டிய உளியால் நானே ஒரு சுழி வெட்டுவேன். எதைத் தொடங்கினாலும் சுழி போடுகிற ஊர்தானே இது. குனிந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று பட்டையின் மேல்முகத்தில் வெட்டுவேன். பாரம் ஏறும்போது ஸ்பிரிங்கில் இழுபடுவது அந்த மேல்முகம்தான். அங்கே ஒரு கூரான வெட்டு விழுந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். சோதனைக்கூடத்தில் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட பாடம். மற்றவர்களின் இரும்பில் இதைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டவள் நான். என் கையால் வெட்டியது சாமி அடையாளம் என்பதால், அதை ஒரு வெட்டாகவே என் கண் பார்க்கவில்லை.

லாரிக்காரர் விட்டுப்போன பட்டையை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். அதிலும் அதே இடம், அதே கறுப்பு. வெளிப் பட்டறைக்காரர்கள் சூட்டைக் கொஞ்சம் கூட்டித்தான் இருந்தார்கள். ஆனால் முறிவைத் தொடங்கி வைத்தது அவர்கள் இல்லை. அவர்களை நான் பேசாத பேச்சில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை நின்றதும் மூன்றாவது பட்டையைச் சுழி இல்லாமல் போட்டோம். பிரஸ் சூடேறி நின்றுபோனது. பட்டை அப்படியே இருந்தது.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இனிமே வெட்ட வேண்டாம், புள்ள. அவ்வளவுதான," என்றார். நானும் அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது. உலையும் தயார். சத்தமில்லாமல் உளியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொழிலைப் பார்க்கலாம். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஓடிக்கிட்டிருக்கற வண்டிக?" என்றார்.

ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் எத்தனையோ. அத்தனையிலும் என் சுழி. முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஒரு லாரிதான். முறிந்தது இடது பட்டை. வலது பக்கத்தில் இன்னும் எங்கள் பட்டைதான் இருக்கும். போன் போட்டேன். மோகனூரில் ஒரு குடோனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பதாகவும், மதியத்துக்கு மேல் ஆத்தூர்ப் பக்கம் கிளம்புவதாகவும் சொன்னார். "கெளம்பிராதீங்க, நான் வாரேன்," என்று மட்டும் சொன்னேன். மண்ணெண்ணெய் பாட்டில், கம்பி பிரஷ், சாக்பீஸ், டார்ச் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். மற்ற வண்டிக்காரர்களுக்குப் போன் போடச் சொல்லிவிட்டுத் தனியாகவே போனேன்.

லாரியில் முக்கால்வாசி மூட்டை ஏறியிருந்தது. அவர் என்னைக் கண்டதும், "பர்னஸ் போட்டிருக்கறீங்களாமா? கேள்விப்பட்டனுங்க," என்றார். மரியாதைதான், நெருக்கம் இல்லை.

ஸ்கூட்டரில் வரும்போது நிறையச் சொல்லிப் பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். "உங்க பட்டைய முறிச்சது நானுங்க," என்றேன். "ஹார்டனிங் போட்டவங்க மேல பழி போட்டேன். அவங்க இல்லீங்க. அந்தப் புள்ளையார் சுழி நான் வெட்டுனது. அங்கிருந்துதான் வெடிச்சிருக்குது. வலது பக்கத்துலயும் அதே சுழி இருக்குமுங்க. நான் பாக்கோணும்."

அவர் முகம் இறுகிப்போனது. தோளை ஒரு முறை தடவிக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் தேவலை போலவும் இருந்தது. தலையை மட்டும் வண்டிப் பக்கம் அசைத்தார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே கையை விட்டு, மேல்முகத்து அழுக்கைப் பிரஷ்ஷால் சுரண்டினேன். சுழி தெரிந்தது. அதன்மேல் மண்ணெண்ணெயைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தேன். சாக்பீஸைப் பொடி செய்து அப்பினேன். வெடிப்பு இருந்தால், உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியை நனைத்துக் காட்டும். இல்லாமல் போக வேண்டும் என்று, நான் வெட்டிய அதே பிள்ளையாரையே வேண்டிக்கொண்டேன். லாரிக்காரரும் என் பக்கத்தில் தரையில் படுத்து, டார்ச்சைப் பிடித்தார்.

வெள்ளைப் பொடியில் சுழியின் வாலிலிருந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மெதுவாக நீண்டு வந்தது. பட்டையின் அகலத்தில் பாதிக்கு வந்து நின்றது.

அவர்தான் முதலில் எழுந்தார். சட்டையைத் தட்டிவிட்டு, மூட்டை ஏற்றுபவர்களைப் பார்த்து, "இறக்குங்கப்பா. அத்தனையும் இறக்குங்க," என்றார். பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கியை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார்.

"நீங்க முன்னால போயிப் பர்னஸப் பத்த வைங்க அம்மிணி," என்றார். "இதக் கழட்டிட்டு நான் வாரேன்."